எதிராளியின் இலை

ஹுப்ளி
2-2-1947

அண்ணி அவர்களுக்குக் கஜபதி நமஸ்காரம். இங்கே உங்கள் ஓரகத்திக்குக் குளிர்காற்றில் மூச்சிரைப்பு கொஞ்சம் அதிகம். எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், மூன்றாவது ஆடிக்கொண்டிருக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் உடம்பைப் பற்றியும், அரக்கோணத்தில் அம்சா, மாப்பிள்ளை பற்றியும் எழுதுங்கள்.

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த சம்மதப் பத்திரமும் கிடைத்தன. இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது இது. போன ஆவணியில் காலமான என் அண்ணன், திருத்தணி வக்கீல் பக்தவச்சலத்தின் பெயரை நம் வீட்டு முன்கூடத்துக்கு வைத்து, அதை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு விட்டுவிட விரும்புகிறீர்கள். பொதட்டூர்பேட்டை நெசவாளர்களும் முன்சீப் கோர்ட் வக்கீல்களும் சேர்ந்து அவர் படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆனால் வீடு நைனா கட்டியது. பாதி என்னுடையது. ஆகையால் என் கையெழுத்து இல்லாமல் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாது.

கையெழுத்துப் போட மாட்டேன்.

காரணம் கேட்பீர்கள் என்று தெரியும். யுத்த காலத்தில் நெசவாளர்களுக்கு நூல் வாங்கித் தர அவர் மெட்ராஸுக்கும் சித்தூருக்கும் அலைந்தது எனக்குத் தெரியாததல்ல. காலில் செருப்புத் தேய்ந்தது, கட்சிக்காரர்கள் கொடுத்த துண்டுகளைத் தவிர வீட்டில் வேறு வரும்படி சேராதது எல்லாம் தெரியும். ஊர் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கட்டும். ஊருக்கு அவர் வக்கீல். எனக்கு அவர் எதிர்க்கட்சி வக்கீல். எதிர்க்கட்சி வக்கீலின் படத்தை யாரும் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதில்லை.

இங்கே என்னைவிட ஐந்து வயது இளையவனை ஹெட்மாஸ்டர் ஆக்கியிருக்கிறார்கள். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு விடுமுறை விண்ணப்பம் பிழையில்லாமல் எழுத வராது. அதையும் பொறுத்துக்கொண்டு இருக்கிறேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன் என்று திருத்தணியிலும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கஜபதி


திருத்தணி
விய வருஷம் மாசி மாதம் 8-ந் தேதி

தம்பி கஜபதிக்கு மணியம்மையின் ஆசீர்வாதம். தங்கச்சிக்குத் தூதுவளை காயவைத்துப் பொடி செய்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாவது பல்லை ஆடவிடாதீர்கள், கிராம்புத் தைலம் வையுங்கள். அம்சா நன்றாக இருக்கிறாள். நான் சௌக்கியம்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஊரைச் சொல்லி உங்களை நெருக்க எனக்கு மனமில்லை. இங்கே நடக்கிறதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் போனபிறகு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்குகிறது, அதைப் போட ஆளில்லை. ஆனாலும் வருகிறார்கள். வக்கீல் இல்லை என்றால், "வக்கீல் இல்லன்னா பரவால்லம்மா, சாப்பாடு இருக்குதா?" என்று கேட்கிறார்கள். அவர் வைத்திருந்த முறை உங்களுக்குத் தெரியும். வழக்குப் போட வருகிறவன் எதிராளியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். தன் இலைக்கு எதுவும் தானே கேட்கக் கூடாது. எதிராளியின் இலையைப் பார்த்து, அவனுக்கு என்ன வேண்டுமோ அதை இவன் கேட்க வேண்டும். சாப்பிட்டு எழுந்த பிறகும் சண்டை மிச்சம் இருந்தால் பிராது எழுதுவார். அப்போது நான் சமைத்தேன், அவர் பரிமாறினார். இப்போது இரண்டும் நான்.

போன வாரம் அரக்கோணத்திலிருந்து காதர் பாய் வந்தார், சைக்கிள் கடை வைத்திருப்பவர். எதிராளி ஜெபதாஸ், ரயிலில் பயர்மேன். ஜெபதாஸ் வாடகைக்கு எடுத்துப் போன சைக்கிளின் முன்சக்கரம் கோணி வந்திருக்கிறது. எடுக்கும்போதே கோணல் என்கிறார் ஜெபதாஸ். அந்தச் சைக்கிளையும் சாட்சிக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

இலை போட்டேன். காதர் பாய் தன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவருக்கு இன்னா வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியும்" என்றேன்.

"ஆங், பாத்துகினுதான் கீறேன். கொழம்பு தீந்துபோச்சு அவருக்கு. ஊத்துங்க, நல்லா ஊத்துங்க. சைக்கிள ஒடைக்கிற கைக்குத் தெம்பு வேணாமா?"

ஜெபதாஸ் விடுவாரா? "பாய்க்கு மோர் ஊத்துங்கம்மா. வந்ததுலேர்ந்து வயிறு எரிஞ்சிகினு கீது அவருக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களுக்கும். கை கழுவும்போது, கம்பி மட்டும் ஜெபதாஸ் வாங்கித் தருவது, வேலையைக் காதர் பாய் செய்வது என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் கோணல் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

படம் முன்கூடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறது. துணி சுற்றியிருக்கிறேன். அவசரமில்லை.

உங்கள் அண்ணி
மணியம்மை


ஹுப்ளி
9-3-1947

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். மூன்றாவது பல்லும் போயிற்று. இடது பக்கம் மெல்ல முடியாது. உங்கள் ஓரகத்தி தேவலை. நீங்கள் சௌக்கியம் என்று எழுதியிருப்பது சந்தோஷம்.

சைக்கிள் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் நடந்த இன்னொரு சாப்பாட்டை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

1936 கோடை. திருவாலங்காட்டு மாந்தோப்பு எனக்கென்று நைனா வாயால் சொன்னதை அண்ணனும் கேட்டார், நீங்களும் கேட்டீர்கள். நைனா கண்ணை மூடியதும் அக்கா ஜெயம்மாவின் புருஷன் எத்திராஜுலு பாவா, கிணறு தான் வெட்டியது, கன்றுகள் தான் வைத்தது என்று தோப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நான் வழக்குப் போட அண்ணனிடம் வந்தேன். சொந்தத் தம்பியிடம் அவர் சொன்னது என்ன? "எத்திராஜுலுவோட ஒரு வேளை சாப்பிடு, அப்புறம் பாக்கலாம்."

உட்கார்ந்தேன். சோறு போட்டார். நான் என் இலையைப் பார்த்தேன். பாவா அவர் இலையைப் பார்த்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழம்பு வாளியோடு எங்கள் நடுவில் நின்றார். பாவா எனக்காக வாயைத் திறந்து ஒரு கரண்டி குழம்பு கேட்கவில்லை. வெறும் சோறு ஆறிப்போயிற்று. நான் எழுந்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் கை நனையவில்லை.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். நான் வேறு வக்கீலை வைத்து வழக்குப் போட்டேன். பாவாவுக்கு வக்காலத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றவர் யார்? என் அண்ணன். கோர்ட் நிறைந்த கூட்டத்தில் அவர் பேசியது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "கனம் கோர்ட்டார் அவர்களே, அந்தத் தோப்பின் மாங்காய்தான் இத்தனை வருஷமும் கஜபதிக்குப் புஸ்தகமாகவும் காலேஜாகவும் போயிற்று. அவனுடைய பங்கு அவன் தலைக்குள் இருக்கிறது. அதை அளந்து வேலி போட என்னால் முடியாது." முன்சீப் சிரித்தார். டவாலி சேவகன் சிரித்தான். நான் தோற்றேன்.

ஊருக்கும் குடும்பத்துக்கும் உழைத்தவர் என்று அந்தப் படத்தின் கீழே எழுதப் போகிறார்களாம். குடும்பத்தில் நான் உண்டா இல்லையா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

என் பாதியைப் பிரித்து விற்றுவிடுவதாக இருக்கிறேன். முன்கூடம் என் பாதியில்தான் வரும்.

கஜபதி


திருத்தணி
பங்குனி மாதம் 12-ந் தேதி

தம்பி கஜபதிக்கு ஆசீர்வாதம். நீங்கள் எழுதினது எல்லாம் வாசித்தேன். இடது பக்கம் மெல்ல முடியாது என்றால் தங்கச்சி சோற்றைக் குழைய வடிக்கிறாளா? ஹுப்ளியில் சோளந்தான் அதிகம் என்கிறார்கள், சோள ரொட்டி பல்லில்லாதவருக்கு ஆகாது. பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. ரேஷன் கடையில் வரிசை மலைப்படி வரைக்கும் நிற்கிறது. அம்சா வந்து, "இந்த வீட்டப் பூட்டிட்டு என்னோட வாம்மா" என்று இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டால் வருகிறவர்கள் யார் வீட்டுக்குப் போவார்கள்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விற்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாதி உங்களுடையதுதான். நான் மறுத்துப் பேசமாட்டேன்.

நான் சௌக்கியம்.

மணியம்மை


ஹுப்ளி
20-4-1947

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் ஓரகத்தி சோற்றைக் குழைய வடிக்கத் தொடங்கியிருக்கிறாள், உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான். நான் சொன்னபோது செய்யவில்லை.

நீங்கள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கொடுக்கிறேன் என்றும் எழுதவில்லை. நானும் வக்கீல் வீட்டில் வளர்ந்தவன். இந்த மாதிரி வாக்கியங்களின் குறுக்கும் நெடுக்கும் எனக்குத் தெரியும். ஆகையால் நேராகவே சொல்கிறேன். சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பாகப் பிரிவினைக்குப் பிராது தயார் செய்யச் சொல்லிவிட்டேன். கோடை விடுமுறை கழித்துக் கோர்ட் திறந்ததும் தாக்கல் ஆகும். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் இல்லை. சட்டப்படி பிரதிவாதி என்று உங்கள் பெயரைத்தான் போட வேண்டியிருக்கிறது. அம்மா மாதிரி சோறு போட்டவர் பெயரை அந்த இடத்தில் எழுதும்படி ஆனதற்கும் அண்ணன்தான் காரணம், நான் அல்ல.

அதற்குள் பத்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்.

கஜபதி


ஹுப்ளி
25-5-1947

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபாலில் தவறியதா, உடம்புக்கு ஏதாவதா என்று உங்கள் ஓரகத்தி தினமும் கேட்கிறாள். வழக்கு வேறு, க்ஷேமம் வேறு. இரண்டு வரி எழுதுங்கள்.

கஜபதி


திருத்தணி
சர்வஜித்து வருஷம் ஆனி மாதம் 2-ந் தேதி

தம்பி கஜபதிக்கு ஆசீர்வாதம். கடிதம் எழுதத் தாமதமாயிற்று. காரணம் ஒன்றுமில்லை, வெயில். நான் சௌக்கியம். தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

நீங்கள் வழக்குப் போடப் போவதாக எழுதியதை நன்றாக யோசித்தேன். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் திருத்தணி வீட்டைப் பற்றிய வழக்கு. அந்த வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. பிராது போகுமுன் எதிராளியோடு ஒரு வேளை சாப்பிட்டாக வேண்டும்.

இந்த வழக்கில் எதிராளி நான். உங்கள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும். இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் ஆயிரம் பேருக்கு இலை போட்டிருக்கிறேன், ஒரு நாளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. அதுவும் ஒரு முறை ஆகட்டும்.

சாப்பிட்டுவிட்டு நீங்கள் பிராதைத் தாக்கல் செய்யலாம். நான் தடுக்கமாட்டேன். என்று வருவீர்கள் என்று எழுதினால் இலை வாங்கி வைக்கிறேன்.

மணியம்மை


ஹுப்ளி
24-6-1947

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் எனக்குக் கோபம். மூன்றாம் நாள் வருகிறேன் என்று முடிவு செய்தேன். பயந்து வரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்ப வேண்டாம்.

ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பகல். குண்டக்கல்லில் வண்டி மாறிக் காலையில் திருத்தணியில் இறங்குவேன். எழுதி முடித்த பிராது என் பையில் இருக்கும். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நேரே சித்தூர் போவேன். ஒரு வேளைச் சோற்றில் கரைந்துபோகிற வழக்கு அல்ல இது. சைக்கிள் சக்கரமும் அல்ல.

ஒரு சந்தேகம். நீங்கள் உட்கார்ந்தால் பரிமாறுவது யார்? அம்சா வேண்டாம். அவள் உங்கள் பக்கம், முறை பிசகும். இரண்டு பக்கமும் சேராத ஆளாகப் பாருங்கள்.

கஜபதி


(தபால் கார்டு)

திருவாலங்காடு
30-6-47

சிரஞ்சீவி கஜபதிக்கு. இங்கே எல்லாரும் நலம், அங்கே நலமா. ஞாயிற்றுக்கிழமை நான் பரிமாறுவேன். இரண்டு பக்கமும் சேராத ஆள் வேண்டும் என்று கேட்டாயாம். உன் பக்கம் நான் என்றைக்கும் இல்லை. உன் அண்ணிக்குச் சாதகமாகவும் போகமாட்டேன், அவள் சொன்னால் நான் எதையும் கேட்பதில்லை என்று ஜெயம்மாவே சொல்வாள். வாளி தூக்கினால் கை நடுங்கும். மேலே சிந்தினால் அதற்கு வழக்குப் போடாதே.

எத்திராஜுலு


ஹுப்ளி
11-7-1947

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். சுகமாக வந்து சேர்ந்தேன். தூதுவளைப் பொடியை உங்கள் ஓரகத்தி காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை ஏன் எழுதுகிறேன் என்றால், பாவா அதை ஊருக்கு ஊர் தன் இஷ்டப்படி மாற்றிச் சொல்லுவார். என் தரப்பு எழுத்தில் இருக்க வேண்டும்.

கூடத்தில் எதிரெதிரே இரண்டு இலை. சுவரோரம் துணி சுற்றிய அந்தப் படம். பாவா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அண்ணன் நின்ற அதே இடத்தில் வாளியோடு நின்றார். கிழவனாகிவிட்டார், கை நடுங்கியது உண்மைதான். ஜெயம்மா சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. என் இலையில் வெள்ளைச் சோறும் பருப்பும் முருங்கைக்கீரையும் விழுந்தன. நான் முறைப்படி எதிராளியின் இலையைப் பார்த்தேன்.

உங்கள் இலையில் கேழ்வரகுக் களி இருந்தது. கொட்டைப் பாக்குப் போல ஒரு சின்ன உருண்டை.

"இது என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு இது புடிக்கும்."

பாவாவுக்கு வாய் நிற்குமா? "ஆங், புடிக்கும்! மாசிலேர்ந்து புடிச்சிகினு கீது. ஒரு தலைக்கு இன்னா அரிசி குடுக்கறான் ரேஷன்ல? அத்த வர்றவங்க போறவங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு, இவங்க களியைத் தின்னுகினு கீறாங்க. சித்திரையில மயங்கி வுழுந்து ஒரு மாசம் படுக்கை. அம்சா வந்துதான்..."

"அண்ணா, நீங்க பரிமாற வந்தவரு" என்றீர்கள்.

"பேசக் கூடாதுன்னா பேசல. ஏம்பா கஜபதி, நீ கேளு. கேட்டாத்தான் போடுவேன். பெரிய மச்சான் போட்ட சட்டம்."

சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். நீங்கள் உங்கள் இலையைப் பார்த்தபடியே இருந்தீர்கள். பிப்ரவரியிலிருந்து நான் உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு பதிலிலும் சௌக்கியம் என்றே எழுதினீர்கள். என்னுடைய ஒவ்வொரு பல்லும் எந்தத் தேதியில் போயிற்று என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் படுக்கையில் கிடந்தது எனக்குத் தெரியாது. அந்த மாதத்தில்தான் நான் உங்களைப் பிரதிவாதியாக்கி எழுதியிருக்கிறேன்.

"அண்ணிக்குச் சோறு" என்றேன்.

முறை அது, ஆகையால் சொன்னேன். இரக்கத்தால் சொன்னதாகப் பாவா சொன்னால் நம்ப வேண்டாம்.

"சத்தமா சொல்லு, காது மந்தம் எனக்கு" என்றார் அவர். பொய். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அண்ணிக்குச் சோறு போடுங்க பாவா!"

பாத்திரத்தைச் சுரண்டிப் போட்டார். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பதை நானும் பார்த்தேன். பிறகு உங்கள் முறை. நீங்கள் என் இலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பிக்கு எடது பக்கம் பல்லு இல்ல. பருப்ப இன்னும் மசிச்சி, நெய் ஊத்திப் போடுங்க" என்றீர்கள். அடுத்தபடியாக, கொஞ்சமும் யோசிக்காமல், "ஜெயம்மா போட்ட மாங்கா ஊறுகா வையுங்க" என்றீர்கள். திருவாலங்காட்டுத் தோப்பு மாங்காய். பாவா அதை என் இலையில் வைத்தார். சாப்பிட்டேன். உப்பு அதிகம்.

பாவா அப்போது சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அன்னைக்கி நீ எந்திரிச்சிப் போனப்புறம் நான் அந்த எலைக்கு முன்னாடி ரொம்ப நேரம் குந்திகினு இருந்தேன்டா. மச்சான் எனக்கு ஒரு சொட்டுக் கொழம்பு ஊத்தல. எனக்குன்னு கேக்கறதுக்கு எதிர்ல ஆள் இல்லையாம்! பட்டினியோட திருவாலங்காட்டுக்கு நடந்தேன்." அண்ணன் அவரையும் விடவில்லை என்று கேட்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

பிராதை ஏன் பையிலிருந்து எடுக்கவில்லை என்று அம்சா ஸ்டேஷனில் கேட்டாள். கை எச்சிலாக இருந்தது. அதன்பின் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்போது காரியம். இத்துடன் ஆங்கிலத்தில் ஒரு மனு வைத்திருக்கிறேன். வழக்காடி வருகிறவர்களுக்குத் தருமமாகச் சோறு போடும் இடம் ஒன்று திருத்தணியில் நடக்கிறது, ஹோட்டல்களுக்குக் கொடுப்பது போல் அதற்கும் தனி அரிசிப் பர்மிட் வேண்டும் என்று, சப்ளை ஆபீசர் மறுக்க முடியாதபடி எழுதியிருக்கிறேன். எட்டு பாரா. அதில் ஒரு பாராவைக்கூட எங்கள் ஹெட்மாஸ்டரால் எழுத முடியாது. என்னுடைய பங்கு தலைக்குள் இருக்கிறது, அளந்து வேலி போட முடியாது என்று அண்ணன் கோர்ட்டில் சொன்னார். அவர் வாதம் தப்பு. அளந்து, வேலி போட்டு, இந்தத் தாளில் அனுப்பியிருக்கிறேன்.

பர்மிட்டுக்கு இடத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. வேறு பெயர் எதுவும் தோன்றவில்லை. வக்கீல் பக்தவச்சலம் கூடம் என்றே எழுதியிருக்கிறேன். இடத்துக்கு உரிமையுள்ளவர் எல்லாரும் சம்மதித்த பத்திரத்தையும் இணைக்க வேண்டும். ஆகவே உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விதிக்காகப் போட்டது. தோப்பு வழக்கில் என் கட்சிதான் நியாயம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, பாவாவிடம் சொல்லுங்கள்.

படத்தை ஆகஸ்டு பதினைந்தாம் தேதி திறக்கலாம் என்று வக்கீல்கள் சொல்வதாக அம்சா சொன்னாள். வேண்டாம். அன்றைக்கு ஊரே வேறு கொடியேற்றத்தில் இருக்கும். அண்ணனுக்குக் கூட்டம் சேராது. ஆவணியில் அவர் திதியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே "குடும்பத்துக்கும்" என்ற வார்த்தையை எடுக்க வேண்டியதில்லை. இருக்கட்டும்.

ஒரு நிபந்தனை. இனி எனக்குச் சௌக்கியம் என்று எழுதக் கூடாது. அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுத வேண்டும்.

கஜபதி


திருத்தணி
ஆவணி மாதம் 20-ந் தேதி

தம்பி கஜபதிக்கு ஆசீர்வாதம்.

இன்று பகல் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம், மோர். சோறு இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். காலையில் மட்டும் கேழ்வரகுக் கூழ். அது நிஜமாகவே எனக்குப் பிடிக்கும், நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

பர்மிட் வந்துவிட்டது. மனுவைப் படித்த ஆபீசர், "யார் எழுதினது? பெரிய வக்கீலா?" என்று கேட்டாராம். "வக்கீல் வூட்டுப் பையன்" என்று சொன்னதாக உங்கள் பாவா வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

படம் மாட்டியாயிற்று. பொதட்டூர்பேட்டையிலிருந்து நாலு வண்டி ஜனம். காதர் பாயும் ஜெபதாஸும் சேர்ந்து ஆணி அடித்தார்கள், கொஞ்சம் கோணல். நேராக்குகிறோம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். அன்றைக்கே படத்துக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வாய்க்கால் தகராறு. பாவா பரிமாறினார். வாரத்தில் இரண்டு நாள் வருகிறார், சிந்துவது குறைந்திருக்கிறது.

அடுத்தாற்போல் என்ன வழக்குப் போடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இலை வாங்கி வைக்கிறேன்.

ஊறுகாயில் உப்பு அதிகம் என்று எழுதியிருந்ததை ஜெயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எலையில வெச்சது அத்தனையும் காலி பண்ணிட்டுத்தான போனான்? எலைய எடுத்துப் போட்டது நானு, எனக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு ஜாடி எடுத்து உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.

மணியம்மை